பொங்கல் முடிந்தது, இனி வீட்டைப் பார்ப்போம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் தை மாதப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இந்தக் காலாண்டு மடலில் வெளியிடுகிறோம்.)

பண்டிகை நாட்கள் எல்லார் வீட்டிலும் நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, போகி, பொங்கல், காணும் பொங்கல் என்று ஏறக்குறைய ஒரு மாதம் ஓடிவிட்டது. ஊரிலிருந்து வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். இப்போது வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பால்கனியில் கரும்புச் சக்கை, கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகள், நாற்காலி மேல் மடிக்காத துணி, குளிர்சாதனப் பெட்டிக்குள் எந்தத் தேதியில் வைத்தது என்று தெரியாத சின்னச் சின்னக் கிண்ணங்கள். நம் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகள் இப்போது இப்படித்தான் இருக்கும்.

"போகிக்குத்தான் எல்லாவற்றையும் சுத்தம் செய்தோமே, மறுபடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். போகிக்கு முன்னால் நாம் செய்வது அவசர வேலை. விருந்தினர் வருவதற்குள் கண்ணில் படும் இடங்களைத் துடைக்கிறோம். மற்றதை பரணிலோ பீரோவிலோ தள்ளிவிடுகிறோம். பண்டிகை முடிந்த பிறகுதான் வீட்டில் சாமான் கூடியிருக்கிறது. அதோடு, சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. அந்த ஈரம் சுவரிலும் மெத்தையிலும் புத்தகத்திலும் மார்கழி முழுக்கத் தங்கியிருக்கும். தை பாதிக்கு மேல்தான் வெயில் நின்று அடிக்கும், உடம்பை வாட்டாது. காற்றும் காய்ந்திருக்கும். மெத்தை காயப்போட, பருப்பு காயப்போட, புத்தகங்களைப் பிரித்து வைக்க மாசி வரையிலான இந்த நாலைந்து வாரங்களைவிட நல்ல காலம் நமக்குக் கிடையாது. பங்குனி வந்துவிட்டால் பரீட்சை, அதன்பின் கோடை. அப்போது மொட்டை மாடியில் பத்து நிமிடம் நிற்க முடியாது.

ஆகவே இன்று உங்களிடம் நான் பேசப்போவது மூன்று விஷயங்கள். வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது, எதில் ஆபத்து இருக்கிறது, வெளியே போகும் பொருள் யார் கைக்குப் போகிறது.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க வேண்டாம்

வீடு முழுவதையும் ஒரே நாளில் கலைத்துப் போட்டால் மாலைக்குள் அலுத்துவிடும். கலைத்ததை அப்படியே மறுபடி அடைத்து வைப்போம். அதற்குப் பதில் தினம் அரை மணி நேரம், ஒரே ஓர் இடம் என்று வையுங்கள். இன்று சமையலறை மேல் தட்டு, நாளை மருந்துப் பெட்டி, நாளை மறுநாள் பிள்ளைகளின் மேசை. இரண்டு வாரத்தில் இரண்டு படுக்கையறை வீடு தாராளமாக முடிந்துவிடும்.

ஒவ்வோர் அறையிலும் மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் ஒட்டடை, பிறகு மின்விசிறி, பிறகு அலமாரி, கடைசியில் தரை. தரையைத் துடைத்துவிட்டு மின்விசிறியைத் துடைத்தால் வேலை இரண்டு மடங்கு. மின்விசிறி இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் விட்டு இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும், கட்டிலில் கொட்டாது.

எடுக்கும் பொருட்களை நான்கு குவியலாக வையுங்கள். இருக்கட்டும், யாருக்காவது கொடுக்கலாம், சரிசெய்ய வேண்டும், போகட்டும். இதில் ஏமாற்றுவது மூன்றாவது குவியல்தான். ஓடாத மிக்ஸி, கைப்பிடி போன குக்கர், பட்டன் இல்லாத சட்டை எல்லாம் "சரிசெய்ய வேண்டும்" என்ற பெயரில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும். அந்தக் குவியலின் மேல் ஒரு காகிதத்தில் தேதி எழுதி ஒட்டுங்கள். மாசி முடிவதற்குள் பழுது பார்க்காவிட்டால் அது நான்காவது குவியலுக்குப் போகட்டும்.

சமையலறையும் துணி அலமாரியும்

சமையலறையில் முதலில் மாவு, ரவை, பருப்பு டப்பாக்களைத் திறந்து பாருங்கள். மழைக்கால ஈரத்தில் வண்டு வைத்திருக்கும். பருப்பு வகைகளை நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்து, ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் சோறு வடிக்கும்போது உடையும்; நிழலில் பரப்பிப் புடைத்தாலே போதும். ரவையை வெறும் வாணலியில் வறுத்து வையுங்கள்.

பொங்கலுக்கு எடுத்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தபின் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு பரணில் ஏற்றினால் அடுத்த பொங்கலுக்குப் பச்சை பிடித்து இறங்கும்.

அடுப்பை நகர்த்தும்போது காஸ் டியூபைப் பாருங்கள். அதன் மேல் தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பொருள் அது. வெடிப்போ விறைப்போ தெரிந்தால் ஐந்து ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். காஸ் கசியும் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நாடு முழுவதற்கும் அதுதான் அவசர எண். அடுப்புக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

பட்டுப் புடவைகளை பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், வியர்த்துப்போகும். நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்தால் சரிகை அங்கேயே விட்டுப்போகும்.

பீரோ, கட்டில் தலைப்பக்கம் முதலியவை சுவரோடு ஒட்டியிருந்தால் நான்கு விரல் அளவு தள்ளிப் போடுங்கள். பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தால் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். தூள் அறை முழுக்கப் பறக்கும், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அன்றே தொல்லை தரும். மூக்கைக் கட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். நீர்க்கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பெயின்ட் அடித்தால் அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். மேல் வீட்டுக் குழாயிலிருந்து வருகிறது என்றால் சங்கத்திடம் சொல்லுங்கள். மழைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. சரிசெய்ய இதுதான் சமயம்.

எதில் கவனம் வேண்டும்

குளியலறைக் கறை போகவில்லை என்று பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேல் கழிவறைக்கான ஆசிடை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும். ஒன்றைப் பயன்படுத்தி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி முடிக்கும்வரை இன்னொன்றைத் திறக்காதீர்கள். வேலைக்கு வரும் அம்மாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த டப்பாக்களைக் கையாள்பவர் அவர்தான்.

துணிக்குள் போடும் அந்துருண்டையைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுங்கள். பரணிலிருந்து எடுத்த பழைய போர்வையை, அந்துருண்டை வாசனை அடிக்க அடிக்கக் குழந்தைக்குப் போர்த்தக் கூடாது. பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நெடியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல பெற்றோருக்கு முன்கூட்டித் தெரியாது.

பரண் ஏற நாற்காலி மேல் ஸ்டூல் வைப்பது வேண்டாம். அறுபது வயதைக் கடந்தவர்கள் ஏறவே வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கை எத்தனை மாதம் என்று இங்கே பலருக்கு வீட்டு அனுபவம் இருக்கும்.

மொட்டை மாடிக்கு வருவோம். உடைந்த தொட்டி, தேங்காய் ஓடு, பழைய டயர், மூடியில்லாத பெயின்ட் டப்பா. மழை நின்றுவிட்டது, இனி கொசு இல்லை என்று நினைக்காதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பூந்தொட்டியின் அடித்தட்டுக்கும் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டுக்கும் இது பொருந்தும். வாரம் ஒருமுறை தேய்த்தால் முட்டை கொசுவாக வளர நேரம் கிடைக்காது.

இன்னொன்று, சம்ப். தை மாதத்தில் சம்ப்பைக் கழுவுவது நம் வழக்கம். குடிதண்ணீர்த் தொட்டிதானே என்று உள்ளே ஆள் இறக்குவது ஆபத்து. மூடியே கிடக்கும் தொட்டியில் பிராணவாயு குறைந்திருக்கலாம். உள்ளே மோட்டார் வைத்து ஓட்டினால் புகையும் மின்சாரமும் சேர்ந்துகொள்ளும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழுவதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. இந்த ஆண்டு உரிய கருவிகளோடு, ஆள் இறங்காமல் சுத்தம் செய்யும் நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாக வரலாம். அதைப் பேரம் பேசிக் குறைக்கக் கூடாது.

வெளியே போகும் பொருள்

முன்பெல்லாம் போகி விடியலில் பழைய பாயையும் துடைப்பத்தையும் எரித்தார்கள். கோரைப்பாயும் தென்னந்துடைப்பமும் எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும். இப்போது எரிவது பிளாஸ்டிக் பாய், டயர், செயற்கை இழைத் துணி. 2018-ஆம் ஆண்டு போகியன்று காலை புகையும் பனிமூட்டமும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் பல விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எச்சரிக்கிறது. பழைய துணி, டயர் போன்றவற்றை மாநகராட்சியே தனியாக வாங்கிக்கொள்ளவும் செய்கிறது. நம் தெருவிலும் எரிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. மகிழ்ச்சி.

ஆனால் எரிக்காத குப்பை எங்கே போகிறது? தென்சென்னைக் குப்பை பல ஆண்டுகளாகப் பெருங்குடிக்குப் போனது, வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கு. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ நாட்கணக்கில் புகைந்தது. நாம் வாசலில் எரிக்காததை அங்கே சேர்த்து எரித்தால் நமக்கு என்ன லாபம்? புகை இங்கேதான் திரும்பி வரும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், குப்பையை வீட்டிலேயே பிரிப்பது குடியிருப்பவரின் கடமை என்று கூறின. மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று மூன்றாக அவை வகுத்தன. நம்மில் பலர் முதல் இரண்டைச் சரியாகச் செய்கிறோம். மூன்றாவதில்தான் கோட்டை விடுகிறோம். கடந்த ஆண்டு நம் பிளாக்கில் குப்பை எடுக்க வருபவரின் உள்ளங்கையை உடைந்த கண்ணாடித் தம்ளர் ஒன்று கிழித்தது. சாம்பார் கொட்டிய பையின் அடியில் அது இருந்தது. தையல் போட்டு ஒரு வாரம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. அந்த வாரம் அவருக்குச் சம்பளம் இல்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே கண்ணாடிச் சில்லு, பிளேடு, ஊசி எதுவானாலும் தடித்த காகிதத்தில் அல்லது அட்டைப் பெட்டியில் சுற்றி, மேலே சிவப்பு மையில் எழுதிக் கையில் கொடுங்கள். நாப்கின், டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுங்கள். தேதி கடந்த மாத்திரைகளைப் பட்டையோடு பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். மீண்டும் யாராவது விழுங்க வாய்ப்பு உண்டு. ஆன்டிபயாடிக் மருந்தைச் சிங்கில் ஊற்றவும் வேண்டாம். அது நீர்நிலையில் கலந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். உப்பிய போன் பேட்டரியைக் குத்தக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, மற்றக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. ட்யூப் லைட்டிலும் பழைய சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஜன்னலைத் திறந்து, சிறிது நேரம் அறையைவிட்டு வெளியே நின்று, பிறகு அட்டையால் அள்ளி ஈரக் காகிதத்தில் துடைத்தெடுங்கள். துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ வேண்டாம்.

கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு

வீட்டில் வேலை செய்பவருக்குப் பழைய துணி கொடுக்கிறோம். நல்லதுதான். துவைத்து, பட்டன் தைத்து, "இது உங்களுக்கு வேண்டுமா?" என்று கேட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கட்டும். கிழிந்ததைக் கொடுத்தால் நம் குப்பையை அவர் சுமந்து போய் அவர் தெருவில் போட வேண்டியிருக்கும். அதேபோல, பண்டிகைக்குப் பிந்தைய இந்தப் பெரிய சுத்தம் அவருடைய தினசரி வேலையில் அடங்காது. பொங்கல் இனாம் கொடுத்தாயிற்றே என்று அதில் இதைக் கழிக்க வேண்டாம். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் பணம், முன்கூட்டியே பேசி.

வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு பாருங்கள். பொங்கல் நான்கு நாளும் விடியற்காலையில் எழுந்து கோலம் போட்டு, சமைத்து, பரிமாறியவர் யார்? அவரே இப்போது பரணையும் துடைக்க வேண்டுமா? புத்தக அலமாரியைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். பரணும் மின்விசிறியும் வீட்டு ஆண்களுடையதாக இருக்கட்டும். குறையிருந்தால் இருக்கட்டும், மறுபடி துடைக்காதீர்கள். மறுபடி துடைத்தால் அடுத்த ஆண்டும் அந்த வேலை உங்களிடமே வந்து சேரும்.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களுடைய பொருளை அவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அந்தத் தகரப் பெட்டிக்குள் உங்கள் கண்ணுக்குத் தெரிவது நைந்த வேட்டியும் நின்றுபோன கடிகாரமும்தான். நகரத்தில் பிள்ளை வீட்டில் வந்து தங்கியிருக்கும் பெரியவருக்குத் தன்னுடையது என்று சொல்ல அந்தப் பெட்டி ஒன்றுதான் மிச்சம் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, "இது ஏதுப்பா?" என்று கேளுங்கள். அரை மணி நேர வேலை அரை நாள் ஆகும். ஆகட்டும். பேசி முடிந்தபின், "இதைக் கொடுத்துவிடு" என்று அவர்களே பாதியை எடுத்துக் கொடுப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கேட்காமல் எடுத்த ஒரு சொம்புக்காக மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்

முதலாவது, பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாம் குறிக்க வேண்டும். அன்று காலை கீழ்த்தளத்தில் மூன்று மேசைகள். ஒன்றில் பயன்படும் பொருட்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் மின்னணுக் கழிவும் பேட்டரியும். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரை வரவழைத்துக் கொடுக்கலாம். மூன்றாவதில் பழைய பாடப்புத்தகங்கள், பள்ளிப் பைகள்.

இரண்டாவது, மாடிப்படியையும் வராந்தாவையும் காலி செய்வது. செருப்பு அலமாரி, ஓடாத சைக்கிள், கூரியர் அட்டைப் பெட்டிகள் எல்லாம் அங்கே நிற்கின்றன. தீப்பிடித்தால் லிஃப்ட் ஆகாது, படிதான் ஒரே வழி. இருட்டில், புகையில், மூன்றாம் மாடிப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க அந்தப் படியில் இடம் இருக்கிறதா என்று இன்று இரவு ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். யார் பொருள் என்று சண்டை வேண்டாம். மாத இறுதிக்குள் அவரவர் எடுத்துவிட்டால் போதும்.

மூன்றாவது, சம்ப் பற்றி ஏற்கெனவே சொன்னது. அதைத் தீர்மானமாகவே பதிவு செய்யுங்கள்.

வீடு படத்தில் பார்ப்பதுபோல் இருக்க வேண்டியதில்லை. தேடிய பொருள் கிடைத்தால், நடக்கும்போது கால் தடுக்காவிட்டால், நம் குப்பையால் யார் கையும் கிழியாவிட்டால் அதுவே நல்ல ஒழுங்கு. நாளைக் காலை மருந்துப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை அது.